ஏப்ரல் 15 வரை எங்கும் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: எனக்கு 26 வயது. ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்து, திருநெல்வேலிக்கு அருகே ஒரு சுயநிதிக் கல்லூரியில் மூன்று ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். மாதம் 18,000 ரூபாய் சம்பளம். கடந்த டிசம்பரில் அமெரிக்காவில் எட்டு பல்கலைக்கழகங்களுக்கு, ஆங்கிலம், ஒப்பிலக்கியம் ஆகிய துறைகளில் பிஎச்.டி.க்கு விண்ணப்பித்தேன். இருபதாம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களில் காலம் கையாளப்படும் விதம் பற்றி ஆய்வு செய்ய விரும்புவதாக எஸ்.ஓ.பி. என்னும் நோக்கக் கட்டுரையில் எழுதினேன். மார்ச் இரண்டாம் வாரம் ஆகிவிட்டது. மூன்று இடங்களில் இல்லை என்று வந்துவிட்டது. ஓரிடத்தில் ஜனவரியில் காணொளி நேர்காணல் நடந்தது; அதன் பிறகு பேச்சே இல்லை. மூன்று இடங்களில் எந்தத் தகவலும் இல்லை. எட்டாவது இடத்தில், பிஎச்.டி. இல்லை, அதற்குப் பதிலாகப் பாதிக் கட்டணச் சலுகையில் ஓராண்டு எம்.ஏ. தருகிறோம், மார்ச் 31க்குள் முன்பணம் கட்டுங்கள் என்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் எழுந்து மெயில் பார்க்கிறேன். டெக்சாஸில் எம்.எஸ். படிக்கும் என் சித்தி மகன், "கடன் வாங்கியாவது போ, உள்ளே நுழைந்தால் போதும்" என்கிறான். அப்பா வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கத் தயாராக இருக்கிறார். இந்த வருடம் இல்லையென்றால் கல்யாணம் என்கிறார் அம்மா. துறைகளுக்கு எழுதிக் கேட்கலாமா? மௌனம் என்றால் நிராகரிப்புதானா? எம்.ஏ.வை ஏற்கலாமா? கல்லூரியில் இப்போதே சொல்லிவிடலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அவற்றில் கெடு வைத்துக் கழுத்தைப் பிடிப்பது ஒன்றுதான் என்பதால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த எம்.ஏ. வேண்டாம். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

இப்படி அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஒப்பிலக்கியத் துறையில் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தேன்; சேர்க்கைக் குழுவிலும் இருந்திருக்கிறேன். விண்ணப்பித்தவர்கள் ஜனவரியில் தெளிவாக இருப்பார்கள். முழு உதவித்தொகை கிடைத்தால்தான் வருவேன் என்பார்கள். மார்ச் நடுவில் அதே ஆட்கள் எதற்கும் தலையாட்டத் தயாராகிவிடுவார்கள். காத்திருப்பு மனிதரை அப்படி அரித்துவிடும். இல்லை என்று வந்த கடிதத்தால் வாழ்க்கை கெட்டுப்போனவர் யாரையும் நான் பார்த்ததில்லை. இந்த அவஸ்தை எப்படியாவது முடிந்தால் சரி என்று கிடைத்ததை ஒப்புக்கொண்டு, பிறகு பல வருடம் கடன் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். தனியார் பல்கலைக்கழகம் என்றால், பாதிக் கட்டணச் சலுகை போக மிச்சக் கட்டணம், வீட்டு வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு, விமான டிக்கெட் எல்லாம் சேர்ந்து நாற்பது லட்ச ரூபாய்க்குக் குறையாது. ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் வங்கிகள் பொதுவாக அடமானம் கேட்கும். அதனால்தான் அப்பா பத்திரத்தைப் பற்றிப் பேசுகிறார். நாற்பது லட்சத்துக்கு 11 சதவீத வட்டி என்று வைத்தால், பத்து ஆண்டில் அடைக்க மாதத் தவணை சுமார் 55,000 ரூபாய். பதினைந்து ஆண்டாக நீட்டினாலும் 45,000க்குக் கீழே இறங்காது. இப்போது நீங்கள் வாங்குவது 18,000.

உங்கள் சித்தி மகன் சொல்வது அவனுடைய படிப்புக்குப் பொருந்தும். எம்.எஸ். பொறியியல் முடித்தவர்களுக்குப் படிப்புக்குப் பின் ஓராண்டு வேலை அனுமதி உண்டு, அதற்கு மேல் இன்னும் 24 மாதங்கள் நீட்டிப்பும் உண்டு. மூன்று ஆண்டு டாலரில் சம்பாதித்துக் கடனை அடைத்துவிடலாம் என்ற கணக்கு அங்கே பிறந்தது. அந்த நீட்டிப்பு அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் படிப்புகளுக்கு மட்டும்தான். ஆங்கில இலக்கிய எம்.ஏ.வுக்கு ஓராண்டு அனுமதியோடு கதவு சாத்தப்படும். அந்த ஓராண்டிலும் இலக்கியம் படித்தவருக்கு என்ன வேலை கிடைக்கும் என்று யோசியுங்கள். உள்ளே நுழைந்தால் போதும் என்பதில் எது உள்ளே, எவ்வளவு காலம் உள்ளே என்பது படிப்புக்குப் படிப்பு மாறும். அவன் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறான்.

அந்த எம்.ஏ. மோசடி என்று சொல்ல வரவில்லை. பிஎச்.டி. இடம் கிடைக்காதவர்களில் ஓரளவு தேறியவர்களுக்கு ஓராண்டு எம்.ஏ. இடம் தருவது சில பல்கலைக்கழகங்களில் வழக்கம். நல்ல ஆசிரியர்கள் பாடம் எடுப்பார்கள். அதை முடித்துவிட்டு நல்ல இடத்தில் பிஎச்.டி. சேர்ந்தவர்களும் உண்டு. கையில் பணம் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு வழிதான். ஆனால் அந்தக் கட்டணத்தில் துறைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வருமானம் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். 'உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்' என்று கடிதம் தொடங்கினாலும், அது ஒரு விலைப்பட்டியலோடு வந்த கடிதம். உங்களிடம் ஏற்கெனவே ஒரு எம்.ஏ. வேறு இருக்கிறது.

இலக்கியத்தில் பிஎச்.டி. என்றால் படிப்புக் கட்டணம் தள்ளுபடி, ஐந்து ஆண்டுக்கு மாத உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு மூன்றும் சேர்ந்து வர வேண்டும். பதிலுக்கு நீங்கள் இளநிலை மாணவர்களுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுப்பீர்கள். இதில் ஒன்று குறைந்தாலும் போகாதீர்கள் என்றுதான் என் மாணவர்களிடம் சொல்லி வந்தேன். படித்து முடித்தாலும் வேலை நிச்சயமில்லாத துறை இது. நவீன மொழிகள் சங்கமான எம்.எல்.ஏ.யின் வேலைப் பட்டியலில் ஆங்கிலத் துறை விளம்பரங்கள் 2008க்குப் பிறகு பத்தே ஆண்டுகளில் பாதிக்கும் கீழே போய்விட்டன. வேலை நிச்சயமில்லாத படிப்பைக் கடனில்லாமல் படிக்கலாம். ஐந்தாறு ஆண்டு நன்றாக வாசித்தோம், எழுதினோம் என்ற நிறைவாவது மிஞ்சும். கடனோடு படித்தால் அதுவும் மிஞ்சாது.

இனி ஏப்ரல் 15. அமெரிக்காவில் முதுநிலைப் படிப்பு நடத்தும் பல்கலைக்கழகங்களுக்கு 'கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ்' என்று ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. உதவித்தொகையோடு இடம் தரும்போது, ஏப்ரல் 15க்கு முன்னால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று மாணவரை நெருக்கக் கூடாது என்பது அதன் தீர்மானம். பெரிய பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை அதை ஏற்றவை. ஒருவர் நான்கைந்து இடங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஏப்ரல் 14 வரை யோசிக்கலாம், யோசிக்கிறார்கள். அவர் வேண்டாம் என்று விட்ட இடம்தான் வரிசையில் நிற்கும் அடுத்தவருக்கு வரும். ஏப்ரல் 10 முதல் 15 வரை துறை அலுவலகங்களில் நடக்கும் கூத்தைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஒரு மாணவி மதியம் வேண்டாம் என்று எழுதுவார். அடுத்த அரை மணியில் துறைத்தலைவர் பட்டியலை எடுத்து அடுத்த பெயருக்கு போன் போடுவார்.

இந்தத் தீர்மானம் உதவித்தொகையோடு வரும் இடங்களுக்குத்தான். நீங்கள் பணம் கட்டிப் படிக்கும் எம்.ஏ.வை அது பெரும்பாலும் கட்டுப்படுத்தாது. அதனால்தான் அவர்களால் மார்ச் 31 என்று கெடு வைக்க முடிகிறது. மற்ற இடங்களின் முடிவு தெரிவதற்கு முன்பே உங்கள் முன்பணம் அவர்கள் கைக்குப் போய்விடும்.

மௌனம் என்றால் நிராகரிப்பா என்று கேட்டீர்கள். மார்ச் இரண்டாம் வாரத்தில் அப்படிச் சொல்ல முடியாது. உள்ளே என்ன நடக்கிறது என்று சொன்னால் ஏன் என்று புரியும்.

விண்ணப்பங்கள் நூற்றுக்கணக்கில் வரும். இடங்கள் பெரும்பாலும் பத்துக்குக் கீழே. நான்கைந்து ஆசிரியர்கள் கொண்ட குழு டிசம்பர் கடைசியிலிருந்து வாசிக்கத் தொடங்கும். முதல் சுற்றில் பாதிக்கு மேல் கழிந்துவிடும். இரண்டாம் சுற்றில் முப்பது, நாற்பது பேர் மிஞ்சுவார்கள். உண்மையைச் சொன்னால், அந்த முப்பது பேரில் யாரை எடுத்தாலும் துறைக்கு நஷ்டமில்லை. அதற்குப் பிறகு மேஜையில் நடக்கும் பேச்சு விண்ணப்பதாரரைப் பற்றியதாகவே இருக்காது. போன வருடம் நவீன நாவலுக்கு மூன்று பேரை எடுத்துவிட்டோம், இந்த முறை இடைக்கால இலக்கியத்துக்கு ஒருவராவது வேண்டும் என்பார் ஒருவர். இந்தப் பெண்ணின் ஆய்வுக்கு வழிகாட்டக்கூடிய பேராசிரியர் ஓய்வு பெறப்போகிறாரே என்பார் இன்னொருவர். ஏழு இடம் என்று நினைத்து வரிசை போட்டு வைத்திருப்போம். பிப்ரவரியில் மேலிடத்திலிருந்து ஐந்துதான் என்று தகவல் வரும். ஆறாவது, ஏழாவது பெயர்கள் அந்த நிமிடமே கீழே போய்விடும். அந்த இருவருக்கும் தாங்கள் ஒரு வாரம் உள்ளே இருந்தோம் என்பதுகூடத் தெரியாது.

முதல் வரிசைக்குச் சேர்க்கைக் கடிதம் போனதும், முதல் சுற்றிலேயே கழிந்தவர்களுக்கு நிராகரிப்பு போகும். நடுவில் இருப்பவர்களை அப்படியே வைத்திருப்பார்கள். சில துறைகள் 'காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறீர்கள்' என்று எழுதும். பல துறைகள் அதைக்கூட எழுதாது. நம் ரயில்வேயாவது காத்திருப்புப் பட்டியலில் எத்தனையாவது என்று எண்ணைக் கொடுத்துவிடும். இங்கே பட்டியலில் இருக்கிறோமா என்பதே தெரியாது. ஆகவே தகவல் இல்லாத உங்கள் மூன்று இடங்களில் ஒன்று இரண்டாவது அந்த நடுக்கூட்டத்தில் இருக்கலாம். வெறும் சோம்பலாகவும் இருக்கலாம்: முடிவு எப்போதோ ஆகியிருக்கும், கடிதங்களை ஒரே நாளில் மொத்தமாக அனுப்ப யாரோ ஒருவர் பொத்தானை அழுத்தாமல் இருப்பார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அதில் நிமித்தம் பார்க்காதீர்கள். விண்ணப்பத் தளத்தில் 'பரிசீலனையில் உள்ளது' என்ற வாசகம் 'பரிசீலிக்கப்படுகிறது' என்று மாறினால் அதற்கு ஒரு பொருளும் கிடையாது.

நேர்காணல் நடந்த இடம் வேறு கதை. அங்கே நீங்கள் இரண்டாம் சுற்றைத் தாண்டியிருக்கிறீர்கள். நேர்காணலில் சொதப்பிவிட்டோமா என்று இப்போது மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அந்த இருபது நிமிடத்தில் குழு பார்ப்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: எழுதியதைப் பற்றி இந்த ஆள் யோசித்துப் பேசுகிறாரா, மனப்பாடத்தை ஒப்பிக்கிறாரா என்பதை. ஆங்கில உச்சரிப்பு யார் தூக்கத்தையும் கெடுப்பதில்லை. ஜனவரியில் பேசி, மார்ச் நடுவரை பதில் இல்லையென்றால் நீங்கள் முதல் வரிசையில் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். மாற்று வரிசையில் இருப்பதற்கு வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது.

அங்கே ஒரு மெயில் எழுதலாம், எழுத வேண்டும். துறைத்தலைவருக்கு வேண்டாம், முதுநிலைப் படிப்புகளுக்குப் பொறுப்பான பேராசிரியர் என்று ஒருவர் பெயர் துறையின் தளத்தில் இருக்கும், அவருக்கு எழுதுங்கள். நான்கு வரி போதும். ஜனவரியில் பேச நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. உங்கள் துறையில் சேர இன்னமும் விருப்பமாக இருக்கிறேன். என் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது, காத்திருப்போர் பட்டியல் இருந்தால் அதில் என் பெயர் உண்டா என்று தெரிவிக்க முடியுமா? அவ்வளவுதான். மாண்புமிகு, தங்கள் மேலான கவனத்துக்கு, பணிவுடன் வேண்டுகிறேன் என்பதெல்லாம் வேண்டாம். குடும்ப நிலை, கல்யாணப் பேச்சு எதுவும் வேண்டாம். மாற்று வரிசையில் இருப்பவர்களில் யார் அழைத்தால் நிச்சயம் வருவார் என்று தெரிந்துவைத்துக்கொள்ள அவர்களுக்கும் ஆசை. கேட்டதற்காக ஒருவரைப் பட்டியலிலிருந்து எடுத்ததை நான் கண்டதில்லை. மற்ற மூன்று இடங்களுக்கு மார்ச் 25 வாக்கில் இதே போல எழுதுங்கள், அங்கே அலுவலகத்தில் உள்ள ஒருங்கிணைப்பாளருக்கு. ஓரிடத்துக்கு ஒரு முறைதான். வாரம் ஒன்று எழுதினால் பெயர் ஞாபகம் இருக்கும், தவறான காரணத்துக்காக.

தூக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கக் கிழக்குக் கரை அலுவலகங்கள் திறப்பது நம் நேரப்படி மாலை ஆறரை மணிக்கு. மேற்குக் கரையில் ஐந்து மணிக்கு மூடும்போது இங்கே மறுநாள் காலை ஐந்தரை. இரவு மூன்று மணிக்கு வந்த கடிதத்தை நீங்கள் காலை ஆறு மணிக்குப் பார்ப்பதால் எதுவும் நழுவாது. யாரும் மூன்று மணி நேரத்தில் இடத்தை எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை. காலையில் ஒரு முறை பாருங்கள், ஸ்பாம் பெட்டியையும் சேர்த்து. அதற்குப் பிறகு மாலை வரை அங்கே எல்லோரும் தூங்குகிறார்கள். கூட்டல் குறியோடு ஒன்று என்று தொடங்கும் எண்ணிலிருந்து மாலையிலோ இரவிலோ அழைப்பு வந்தால் மட்டும் மோசடி அழைப்பு என்று துண்டித்துவிடாதீர்கள். நல்ல செய்தியைத் தொலைபேசியில் சொல்லும் பழக்கம் சில பேராசிரியர்களிடம் இன்னும் இருக்கிறது.

இன்னொன்று, நீங்கள் விண்ணப்பித்த காலம். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2024இல் ஏழு மாத வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆய்வு மாணவர்களின் குறைந்தபட்ச ஊதியம் ஆண்டுக்கு 45,000 டாலர் என்று முடிவானது. அந்த நவம்பரிலேயே ஆங்கிலம், வரலாறு, தத்துவம் உட்பட்ட துறைகளில் அடுத்த ஆண்டுக்கான பிஎச்.டி. சேர்க்கையை நிறுத்தினார்கள். போராடி வென்றவர்களுக்குச் சம்பளம் உயர்ந்தது, அடுத்து வருவோருக்கு இடம் போனது. 2025 ஆகஸ்டில் சிகாகோ பல்கலைக்கழகம் தன் கலை, மொழித் துறைகள் பலவற்றில் 2026-27க்கான பிஎச்.டி. சேர்க்கை இல்லை என்று அறிவித்தது. ஹார்வர்டும் இடங்களைக் கணிசமாக வெட்டியது. இங்கெல்லாம் போக நினைத்தவர்கள் விண்ணப்பிக்காமல் இருந்துவிட மாட்டார்கள். மிச்சமிருக்கும் துறைகளின் வாசலில் வந்து நிற்பார்கள். 2020இலும் இப்படித்தான். பெருந்தொற்றுக் காலத்தில் பல துறைகள் ஓராண்டு சேர்க்கையை நிறுத்தின. சிகாகோ ஆங்கிலத் துறை அந்த ஆண்டு கறுப்பின ஆய்வுகளில் வேலை செய்ய விரும்புவோரை மட்டும் எடுத்தது. அந்த வருடம் ஷேக்ஸ்பியரைக் கரைத்துக் குடித்தவர் போயிருந்தாலும் இடமில்லை. மூன்று நிராகரிப்புகளை வைத்து உங்கள் தகுதியை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிட நேரான காரணம் இல்லை.

ஆனால் தகுதியைக் காட்டிய விதத்தைப் பற்றி எனக்குச் சந்தேகங்கள் இருக்கின்றன. அடுத்த டிசம்பரில் மறுபடி விண்ணப்பிப்பதாக இருந்தால் இரண்டு விஷயம்.

முதலில் பரிந்துரைக் கடிதங்கள். நம் ஊர்க் கடிதங்களை நான் நிறைய வாசித்திருக்கிறேன். கல்லூரியின் லெட்டர்ஹெட், கீழே வட்ட முத்திரை, நடுவில் ஒரே பத்தி: கடின உழைப்பாளி, பணிவானவர், நேரம் தவறாதவர், நன்னடத்தை உடையவர், வாழ்வில் எல்லா வெற்றியும் பெற வாழ்த்துகிறேன். என்னோடு குழுவில் இருந்தவர்களுக்கு இது ஆய்வு மாணவருக்கான கடிதமா, விடுதிக் காப்பாளருக்கான கடிதமா என்று குழப்பம் வந்துவிடும். பக்கத்தில் இருக்கும் இன்னொரு விண்ணப்பத்தில் கடிதம் இரண்டு பக்கம் போகும். மூன்றாம் பருவத்தில் இந்த மாணவி எழுதிய கட்டுரையின் வாதம் இது, நான் இந்த இடத்தில் மறுத்தேன், அவர் ஒரு மாதம் கழித்து வேறு ஆதாரத்தோடு வந்து என் மறுப்பை உடைத்தார் என்று அதில் இருக்கும். போட்டி அங்கேயே முடிந்துவிடுகிறது. இன்னொரு வழக்கம்: "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்பார்கள். மூன்று கடிதமும் ஒரே கையில் எழுதியவை என்பது இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும். எனவே உங்களை வகுப்பில் உண்மையாகவே கவனித்த ஆசிரியர்களைத் தேடுங்கள், பதவியைப் பார்க்காதீர்கள். முதல்வரின் கடிதத்தைவிட உங்கள் ஆய்வேட்டை வரிவரியாகத் திருத்திய இளம் ஆசிரியரின் கடிதம் எடை அதிகம். அவரிடம் உங்கள் பழைய கட்டுரையின் பிரதியையும், எதைப் பற்றி வகுப்பில் பேசினீர்கள் என்று ஒரு பக்கக் குறிப்பையும் ஆகஸ்டிலேயே கொடுங்கள். நவம்பர் கடைசியில் போய் நின்றால் அந்த வட்ட முத்திரைதான் கிடைக்கும்.

இரண்டாவது உங்கள் தமிழ். உங்கள் கடிதத்தின் பின்பகுதியில் (மேலே சுருக்கியதில் அது விடுபட்டிருக்கிறது), போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: சிறு வயதிலிருந்தே தமிழ் நாவல்களை வாசிப்பதாகவும், பழந்தமிழ்ப் பாடல்களை உரையோடு படிக்க முடியும் என்றும், ஆங்கிலத் துறைக்கு அது எதற்கு என்று எஸ்.ஓ.பி.யில் குறிப்பிடவில்லை என்றும். அதை வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஒப்பிலக்கியத் துறை என்பதே ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் மூலத்தை வாசிக்கத் தெரிந்தவர்களுக்கான துறை. ஆங்கில நாவலில் காலம் என்ற தலைப்போடு ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் அமெரிக்காவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் கூட்டமாக வருவார்கள். அவர்களில் யாருக்கும் இல்லாத ஒன்றை நீங்கள் வீட்டுச் சமாச்சாரம் என்று மறைத்துவிட்டீர்கள். பெர்க்லி, பென்சில்வேனியா, மிச்சிகன் போன்ற இடங்களில் தமிழ் கற்பிக்கிறார்கள். தெற்காசிய ஆய்வுத் துறைகளும் இருக்கின்றன. அங்கே தமிழ் மொழி வகுப்பு எடுக்கவே உதவியாசிரியர் தேவைப்படும்; அந்த வழியில் உதவித்தொகை வருவதும் உண்டு. தமிழ்ப் பாட்டு பாடினால் வெளிநாட்டுக்காரர் சொக்கிப்போவார் என்று அதற்காகத் திடீர் ஆராய்ச்சித் தலைப்பு ஒன்றைக் கட்டிக்கொள்ள வேண்டாம். அது இன்னொரு வகைப் பொய். காலத்தைப் பற்றி உங்களுக்கு உண்மையான கேள்வி இருந்தால், அதைத் தமிழ் நாவலில் கேட்டால் என்ன பதில் வருகிறது என்று இருபது பக்கம் எழுதிப் பாருங்கள். நன்றாக வந்தால் அதுவே விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டிய உங்கள் எழுத்து மாதிரி. எம்.ஏ. ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை, எழுத்தாளரின் பிறப்பு வளர்ப்போடு அப்படியே அனுப்பும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

அதற்குள் உள்ளூரிலும் ஒரு கதவைத் திறந்துவைக்க வேண்டும். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யுஜிசி நெட் தேர்வுக்கு ஜூன் மாத அறிவிப்பு வந்ததும் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். அதில் ஜே.ஆர்.எஃப். என்னும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000; இப்போதைய சம்பளத்தைப் போல இரு மடங்கு. வயது வரம்பு 30 என்றாலும் பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு உண்டு, ஆகவே அவசரம் இல்லை. ஜே.ஆர்.எஃப். வராவிட்டாலும் நெட் மதிப்பெண்ணை வைத்துப் பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி. சேர்க்கைக்கு வழி இருக்கிறது. ஹைதராபாத்திலும் டெல்லியிலும் அமெரிக்கத் துறைகள் பலவற்றுக்குக் குறையாத இலக்கிய ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அங்கே சேர்ந்துவிட்டு ஓராண்டு வெளிநாட்டு ஆய்வு உதவித்தொகையில் போய் வருவதும் வழக்கமான பாதைதான். நெட் பாடத்திட்டத்தைப் படிப்பது மார்ச் மாத இரவுகளுக்கும் நல்லது. கைக்கு வேலை இருக்கும்.

அம்மா விஷயத்தில் எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் தேதியில்லாத காத்திருப்புதான் வீட்டில் எல்லோரையும் பதற வைக்கிறது. ஏப்ரல் 15 என்று ஒரு தேதி இருப்பதை அவரிடம் சொல்லுங்கள். அதற்குள் பெண் பார்க்க யாரையும் வரச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாதம்தானே என்று ஒப்புக்கொள்வார். அதற்கு அடுத்த பேச்சு உங்கள் இருவருக்குமிடையே.

கடைசியாகக் கல்லூரி. சொல்லாதீர்கள். இடமே உறுதியாகாதபோது சொன்னால், ஜூனில் உங்கள் பாடங்களை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். நல்ல செய்தியே வந்தாலும் கையில் விசா வரும்வரை ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம். பல்கலைக்கழகம் ஐ-20 என்னும் சேர்க்கைச் சான்றுப் படிவத்தை அனுப்ப வேண்டும், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான 350 டாலர் செவிஸ் கட்டணம் கட்ட வேண்டும், டிஎஸ்-160 என்னும் விசா விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும், சென்னையில் ஜெமினி மேம்பாலம் அருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு நாள் கிடைக்க வேண்டும். 2025இல் மே கடைசியிலிருந்து ஜூன் நடுவரை மாணவர் விசா நேர்காணலுக்குப் புதிய தேதியே தராமல் நிறுத்தி வைத்தார்கள். சேர்க்கைக் கடிதத்தோடு ஆயிரக்கணக்கானோர் தவித்தார்கள். வகுப்பு ஆகஸ்ட் கடைசியில்தான் தொடங்கும். ஜூலையில் முறைப்படி நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் கிளம்ப அவகாசம் இருக்கும்.

ஒன்றை மட்டும் இப்போதே செய்யுங்கள். வேலைக்குச் சேரும்போது மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் கல்லூரிகள் உங்கள் பக்கத்தில் உண்டு. உங்களுடையவை அங்கே இருந்தால், நெட் விண்ணப்பத்துக்கும் மேற்படிப்புக்கும் தேவை என்று எழுத்தில் கேட்டு இந்த மாதமே வாங்கிவிடுங்கள். அது பொய்யும் இல்லை. பல்கலைக்கழகத்தில் அதிகாரபூர்வ மதிப்பெண் பிரதிக்கும் இப்போதே பணம் கட்டி, உறையில் முத்திரையிட்டு இரண்டு பிரதி கேளுங்கள். ஏப்ரலில் அழைப்பு வந்து, மே மாத விடுமுறையில் அந்த அலுவலகப் பிரிவில் ஆளில்லாமல் அலைய வேண்டியிருக்காது. அழைப்பு வராவிட்டால் அதே உறைகள் டிசம்பருக்கு ஆகும்.